வினைக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல்

ராமநாதபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்த நாளில் எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். எழுபத்து நாலாம் வருஷம். முதுகுளத்தூர் பக்கம், மிளகாயும் கம்பும் தவிர வேறெதுவும் சுலபத்தில் விளையாத ஊரிலிருந்து வந்தவள் நான். எங்கள் வீட்டில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள். பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கணம் என்றால் என் பேப்பரைத்தான் வகுப்பில் உயர்த்திக் காட்டுவார்கள். ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் இது வெர்ப், இது அட்வெர்ப், இது பிரிப்பொசிஷன் என்று கோடு போட்டுப் பிரித்துவிடுவேன். பிரிப்பொசிஷன் என்பது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கிற சின்னச் சொல். மேஜையின் மேல், கிணற்றுக்குள், மரத்தடியில் என்று இடத்தைக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அப்படித்தான் படித்திருந்தேன்.

மதுரையில் பயிற்சி கொடுத்தபோது சில வாக்கியங்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். 'ஹோல்ட் ஆன் ப்ளீஸ்.' 'புட்டிங் யூ த்ரூ.' அர்த்தம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பூஜையில் சொல்லும் மந்திரம்போலச் சொல்லிப் பழகிவிட்டேன்.

வேலையில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிய பிறகுதான் தெரிந்தது, நான் கோடு போட்டுப் பிரித்த ஆங்கிலத்தை உலகத்தில் யாருமே பேசவில்லை என்பது. சேர்ந்த மாதமே மண்டபத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் மெட்ராஸுக்கு டிரங்க் கால் கேட்டார். கடல்வாழ் உயிர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவர். லைன் கிடைக்க நேரமாகும் என்றேன். பரவாயில்லை, 'ஐ வில் ஹேங் ஆன்' என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஹேங் என்றால் தொங்குவது, தூக்கில் போடுவது. இந்த மனிதர் எதன் மேல் தொங்கப்போகிறார்?

பக்கத்து நாற்காலியில் இருந்தவள் பெரியபட்டினத்துப் பெண். என்னோடு அதே மாதம் சேர்ந்தவள், என் வயதுதான். தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அவள் வாப்பாவுக்குக் கொழும்போடு வியாபாரம் இருந்த காலத்தில் அவர்கள் வீட்டில் ஆங்கிலம் கொஞ்சம் புழங்கியிருந்தது. நான் பேசுமிடத்தை மூடிக்கொண்டு அவளிடம் கேட்டேன்.

"அடியே, தொங்கப் போறேங்கிறார்டி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அல்லாவே! லைனை விடாமப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கேங்கிறார். காத்திருக்காராம். நீ கனெக்‌ஷனைக் குடு, தாயே."

"அப்ப நேத்து ஒருத்தர் 'ஹேங் அப்'னு சொன்னாரே?"

"அது போனை வச்சுடுறது."

அதே தொங்கல்தான். பின்னால் 'ஆன்' வந்தால் இருக்கிறேன் என்று அர்த்தம், 'அப்' வந்தால் போகிறேன் என்று அர்த்தம். இரண்டெழுத்துச் சொல் ஒன்று பின்னால் ஒட்டிக்கொண்டு மனிதர் இருப்பதையும் இல்லாமல் போவதையும் தீர்மானிக்கிறது. அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் சாப்பிடாமல் இருந்தது நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு காது தானாகவே அந்தக் குட்டிச் சொற்களின் பின்னால் ஓட ஆரம்பித்துவிட்டது. மண்டபத்தில் இறால் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி ஒன்று இருந்தது. அதன் மேனேஜர் மலையாளி. நாள் தவறாமல் கொச்சிக்குப் பேசுவார், எப்போதும் அவசரம். ஒருநாள் என்னிடமே கொட்டித் தீர்த்தார். ஐஸ் 'ரன் அவுட்' ஆகிவிட்டது, லாரி 'பிரேக் டவுன்', வாங்குகிறவன் 'பேக் அவுட்', இதையெல்லாம் இனி 'புட் அப் வித்' பண்ண என்னால் முடியாது, சீக்கிரம் 'புட் மீ த்ரூ' என்றார். ஓடுவது, உடைவது, முதுகு, வைப்பது. இந்த நாலும் குழந்தை முதலில் பழகுகிற சொற்கள். அவற்றோடு அவுட், டவுன், அப், த்ரூ என்று இன்னும் சின்னச் சொற்கள். ஐஸ் தீர்ந்தது, லாரி நின்றது, பேச்சு மாறியது, பொறுமை போனது, எல்லாம் அதற்குள் வந்துவிட்டது. அகராதியில் நான் தேடித் தேடிப் படித்த நீளமான சொற்களில் ஒன்றுகூட அந்த மனிதருக்குத் தேவைப்படவில்லை.

'புட் அப் வித்' என்பதை நானும் தோழியும் பல நாள் புரட்டிப் பார்த்தோம். வை, மேலே, கூட. மூன்றையும் எப்படி அடுக்கினாலும் சகித்துக்கொள்வது என்ற பொருள் வரவில்லை. ஆனால் சேர்த்துச் சொன்னால் வருகிறது. "இதை எவன் உக்காந்து கட்டுனான்?" என்பாள் அவள். யாரும் உட்கார்ந்து கட்டியிருக்க முடியாது என்பதுதான் எனக்கு மலைப்பாக இருந்தது. கோடிப் பேர் பேசிப் பேசியே ஆகிவந்திருக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது அதெல்லாம் நடந்து சில வருஷம் கழித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. நாங்கள் இருவரும் அப்போது வேலையில் நன்றாகத் தேறிவிட்டோம்.

ஒருநாள் காலையில் ஒரு கணவனும் மனைவியும் தந்தி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து நாலைந்து ஊர் தள்ளி மிளகாய் போடுகிற சம்சாரிகள். அவர்கள் மகன் கப்பலில் இஞ்சின் அறையில் வேலை பார்த்தான். கப்பல் இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு துறைமுகத்தில் நிற்கிறது, பையன் ஆஸ்பத்திரியில் இருக்கிறான், இந்த நம்பரில் பேசவும் என்று கப்பல் ஏஜண்ட் தந்தி கொடுத்திருந்தார். ஏன் ஆஸ்பத்திரி, எப்படி இருக்கிறான், ஒன்றும் இல்லை. தந்தியைப் பக்கத்து ஊர் வாத்தியார் படித்துச் சொன்னாராம். அவர்கள் கருக்கலிலேயே கிளம்பி வந்திருந்தார்கள்.

"எங்களுக்கு இங்கிலீசு தெரியாது தாயி," என்றார் அந்த அய்யா. "நீங்கதேன் கேட்டுச் சொல்லணும்."

ஆபரேட்டர் இணைப்புக் கொடுக்கலாம். பேசுகிறவருக்காகத் தான் பேசக்கூடாது. எங்கள் சூப்பர்வைசர் சட்டத்தில் கெட்டியானவர். அவரிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக அந்த அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா நாற்காலியில் உட்காரச் சொல்லியும் உட்காராமல் சுவரோரம் நின்றிருந்தார்.

"ரூல் ரூல்தான்," என்றார். "ஆனா அவங்களுக்கு வேற யாரு இருக்கா? நீ உள்ள பூத்துல போய்ப் பேசு. உன் போர்டை நான் பாத்துக்கிறேன்." சொன்னபடியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்.

வெளிநாட்டு அழைப்பு அப்போது நேரே போகாது. நாங்கள் மதுரையைக் கேட்க வேண்டும், மதுரை மெட்ராஸைக் கேட்கும், மெட்ராஸ் பம்பாயைக் கேட்கும், அங்கிருந்து கடல் தாண்டும். ஒவ்வொரு இடத்திலும் என்னைப்போல் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். காலையில் பதிவு செய்தது, சாயங்கால வெயில் ஜன்னலுக்குள் வந்த பிறகுதான் கிடைத்தது. அதுவரை அந்த இருவரும் வெளியே போகவில்லை. தோழி வாங்கிக் கொடுத்த டீயை அந்த அய்யா மட்டும் குடித்தார்.

மணி அடித்ததும் பூத்துக்குள் நான் ரிசீவரை எடுத்தேன். கதவைத் திறந்தே வைத்து அவர்கள் வாசலில் நின்றார்கள். மெட்ராஸ் பேசிற்று, பம்பாய் பேசிற்று, பிறகு ஒரு நீண்ட இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு நர்ஸின் குரல். நான் பையனின் பெயரைச் சொல்லி, பெற்றோருக்காகப் பேசுகிறேன் என்றேன்.

"ஹேங் ஆன், லவ்," என்றாள் அவள். "ஐ வில் லுக் ஹிம் அப்."

முகம் தெரியாத ஒருத்தி என்னை லவ் என்று கூப்பிடுகிறாளே என்று நினைத்தேன். 'ஹேங் ஆன்' புரிந்தது. 'லுக் அப்' என்பது மேலே பார்ப்பது அல்ல, ரெஜிஸ்டரில் தேடிப் பார்ப்பது என்றும் ஊகித்துக்கொண்டேன். காகிதம் புரளுகிற ஓசை அத்தனை தூரத்திலிருந்தும் கேட்டது. அப்புறம் அவள் திரும்பி வந்து பேசத் தொடங்கினாள். இஞ்சின் அறை என்றாள். வயிறு என்றாள். பிறகு, "ஹி பாஸ்ட்..." என்றாள். அதோடு இரைச்சல் வந்து மூடிக்கொண்டது.

ஹி பாஸ்ட். பாஸ்ட் என்பதற்குப் பின்னால் என்ன வந்தது?

அந்தச் சொல்லின் ஒரு பயன்பாடு எனக்குத் தெரியும். துக்கச் செய்தி சொல்கிற எத்தனையோ டிரங்க் கால்களில் கேட்டிருக்கிறேன். 'பாஸ்ட் அவே.' அதைச் சொல்லும்போது எல்லோருடைய குரலும் ஒரே மாதிரி தாழும். இந்தப் பெண்ணின் குரல் தாழ்ந்ததா இல்லையா என்று இரைச்சலில் பிடிபடவில்லை.

"என்னத்தா சொல்றாக?" என்றார் அந்த அம்மா. என் முகத்தை விட்டு அவர் கண் நகரவில்லை.

"லைன் சரியில்லம்மா. இருங்க, மறுபடி கேக்கிறேன்."

மறுபடி கேட்டேன். மறுபடி அதே இடத்தில் இரைச்சல். வினைச்சொல் அழுத்தமாக வருகிறது. அதன் பின்னால் வருகிற குட்டிச் சொல் மெல்லியது, அதை இரைச்சல் தின்றுவிடுகிறது. ரிசீவரைக் காதோடு அழுத்தியதில் காது வலித்தது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லில் ஒரு பையனின் உயிர் இருக்கிறது, எனக்கு எதிரே நிற்கிற இரண்டு பேரின் மிச்ச வாழ்நாள் இருக்கிறது.

அப்போது லைனில் இன்னொரு குரல் நுழைந்தது. பம்பாய் ஆபரேட்டர். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"ராம்நாட், எனக்கு அவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்கிறது. நான் திருப்பிச் சொல்லட்டுமா?" என்றாள் ஆங்கிலத்தில்.

"ப்ளீஸ்," என்றேன்.

அவள் அந்தப் பக்கம் கேட்டுவிட்டு வந்தாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "பாஸ்ட் அவுட். கேட்கிறதா? ஓ ஃபார் ஆரஞ்ச். யூ ஃபார் அம்ப்ரெல்லா. டீ ஃபார் டேபிள். அவுட். அவே இல்லை. அவுட்."

ஆரஞ்சு, குடை, மேஜை. இன்றைக்கும் அந்த மூன்று பொருளையும் ஒன்றாகக் கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

ஆனால் அவுட் என்றால் என்ன? எங்கள் பக்கத்தில் 'பாஸ்ட் அவுட்' என்றால் காலேஜ் படிப்பை முடித்து வெளியே வந்தவர் என்று அர்த்தம். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையைப் பற்றி அப்படித்தான் சொல்வார்கள். இஞ்சின் அறையில் பையன் எதை முடித்தான்? எனக்கு இலக்கணமெல்லாம் பறந்துவிட்டது. பளிச்சென்று கேட்டேன்: உயிரோடு இருக்கிறானா?

பம்பாய் அதைக் கடலுக்கு அந்தப் பக்கம் சேர்த்தாள். நர்ஸ் பதறிப்போய்ப் பேசியிருக்க வேண்டும், ஏனென்றால் அவள் குரல் இந்தமுறை இரைச்சலைத் தாண்டி எனக்கே கேட்டது. "அலைவ்? ஆஃப் கோர்ஸ் ஹி இஸ் அலைவ், லவ்!" பிறகு பம்பாய்க்காரி மீதியை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். இஞ்சின் அறையில் மயங்கி விழுந்தான். குடல்வால் வெடித்திருந்தது. அறுத்து எடுத்துவிட்டார்கள். இப்போது 'கம் ரவுண்ட்' ஆகிவிட்டான். 'ஹி வில் புல் த்ரூ.'

மயக்கத்திலிருந்து மீள்வதைச் சுற்றி வருவது என்கிறார்கள் என்பதை அங்கேயே கற்றுக்கொண்டேன். கடைசி வாக்கியத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 'த்ரூ' என் சொல். நாளெல்லாம் நான் சொல்கிற சொல். ஒரு பக்கத்தில் இருக்கிறவரை எல்லாத் தடையும் தாண்டி மறுபக்கம் சேர்ப்பதற்கு நாங்கள் சொல்வது. அர்த்தம் கேட்காமல் மனப்பாடம் செய்திருந்த அந்தச் சொல் அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் திறந்துகொண்டது.

நான் அவர்களைப் பார்த்துச் சொன்னேன். "மயக்கமா விழுந்துட்டாராம். வயித்துல ஆபரேசன் பண்ணியிருக்காங்க. இப்ப முழிச்சுட்டார். பிழைச்சுக்கிட்டார்ம்மா."

அந்த அம்மா சத்தமே இல்லாமல் தரையில் உட்கார்ந்தார். அய்யா தலைத்துண்டை உருவி முகத்தில் வைத்துக்கொண்டார்.

நர்ஸ் இன்னும் போகவில்லை. பையன் விழித்துத்தான் இருக்கிறான், போன் வைத்த தள்ளுவண்டியை அவன் கட்டிலுக்குக் கொண்டுபோகிறேன், 'ஐ வில் புட் ஹிம் ஆன்' என்றாள். சட்டை மாட்டிக்கொள்வதற்குச் சொல்கிற அதே 'புட் ஆன்', இங்கே போனில் பேச வைப்பது. நான் ரிசீவரை அய்யாவின் காதில் வைத்தேன். அவர் அதற்குமுன் போனைத் தொட்டதில்லை. தலைகீழாகப் பிடிக்கப் போனார், நேராக்கிக் கொடுத்தேன்.

எதிர்ப்பக்கம் "அய்யா" என்று ஒரு சொல் வந்திருக்க வேண்டும். அவர் முகம் கோணியது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். பம்பாயில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத்தான் பதைப்பு.

"ஏலே," என்றார் கடைசியில். "இங்கன மழை பெஞ்சிருக்கு. நல்ல மழை. வடக்குக் கொல்லை பூராம் ஈரம்."

அந்த அம்மா எழுந்து ரிசீவரைப் பிடுங்கினார். "வயித்தைக் கீறிட்டாகளாலே? வலிக்குதா? யாரு உனக்குச் சோறு குடுக்கிறா?" என்று கேட்டுக்கொண்டே போனார், பதிலுக்கு நிற்கவில்லை. பம்பாய்க்காரி கெடு முடிந்தும் துண்டிக்கவில்லை. அவளுக்குத் தமிழ் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

கிளம்பும்போது அந்த அய்யா கையெடுத்துக் கும்பிட்டு, "வாரோம் தாயி," என்றார். மிளகாய் முதல் பறிப்பில் ஒரு பங்கு என் வீட்டுக்கு வரும் என்றார். வேண்டாம் என்றேன். வந்தது.

மறுநாள் பம்பாய் லைன் கிடைத்தபோது, நேற்றுச் சாயங்காலம் பணியில் இருந்தவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றேன். அவளுக்கு இன்று வேறு நேரம், யார் என்று பார்த்துச் சொல்கிறேன், 'ஐ வில் பாஸ் இட் ஆன்' என்றாள் இன்னொருத்தி. அதே பாஸ். பின்னால் 'ஆன்' ஒட்டியதும் அது கை மாறிப் போய்ச்சேர்கிற நன்றியாகிவிட்டது. அவளிடம் போய்ச்சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. அவள் பெயரும் கடைசிவரை தெரியவில்லை.

அன்று மத்தியானம் தோழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்னடி மொழி இது? அவேன்னா சாவு, அவுட்டுன்னா மயக்கம், ஆன்னா கைமாத்தி விடுறது. உயிரைக் கொண்டுபோய் இத்துணூண்டு சொல்லுல கட்டி வச்சிருக்கானே!"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நம்ம மட்டும் என்னவாம்?" என்றாள். "ஒருத்தரு ஊருக்குப் போய்ச் சேந்தாருன்னா சந்தோசம். சும்மா போய்ச் சேந்துட்டாருன்னா என்ன அர்த்தம்?"

கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"நேத்து சூப்பர்வைசர் என்ன சொன்னார்? போர்டைப் பாக்கிறேன்னா சொன்னார்? பாத்துக்கிறேன்னார். பாக்கிறது வேற, பாத்துக்கிறது வேற. நீ அந்தம்மாகிட்ட பிழைச்சாருன்னா சொன்னே? பிழைச்சுக்கிட்டாருன்னே. விடுறது ஒண்ணு, குடுக்கிறது ஒண்ணு. விட்டுக்குடுக்கிறது எது? அவன் சின்னச் சொல்லை ஒட்டுறான். நாம இன்னொரு வினையை எடுத்து ஒட்டுறோம். அம்புட்டுத்தேன்."

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஊறுகாயைத் தேடினாள்.

வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அந்த நடையை என்னால் மறக்க முடியாது. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பேச்சு, முதல்முறை காதில் விழுவதுபோல் விழுந்தது. டீக்கடையில் ஒருவர், "சூடா ஆத்திக் குடுப்பா" என்கிறார். கண்டக்டர், "ஏறிக்கங்க, ஏறிக்கங்க, உள்ள தள்ளி நில்லுங்க" என்று கத்துகிறார். ஒரு தாய் குழந்தையின் முதுகில் தட்டி, "செருப்பைத் தொலைச்சுப்புட்டு வந்து நிக்கிறியே" என்கிறாள். தொலைத்து, விட்டு, வந்து, நிற்கிறாய். நாலு வினை. குழந்தை ஒரே இடத்தில்தான் நிற்கிறது, எங்கிருந்தும் வரவில்லை. ஆனால் தாயின் ஆற்றாமை முழுவதும் அந்த 'வந்து நிக்கிறியே'யில் இருந்தது. பழக்கடைக்காரர் விலை பேசிச் சலித்துப்போய், "சரி, எடுத்துத் தொலைங்க" என்றார். தொலை என்றால் காணாமல் போ. அங்கே யாரும் காணாமல் போகவில்லை, ஒரு சீப்பு வாழைப்பழம் கைமாறியது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் எனக்கு யாரும் கோடு போட்டுப் பிரித்துக் கற்றுத்தரவில்லை. செருப்பில்லாத அந்தக் குழந்தைக்கும் யாரும் கற்றுத்தரப்போவதில்லை. ஆனாலும் அது தப்பாமல் பேசும். என் பஸ் வந்து நின்று, புறப்பட்டும் போனது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில்தான் போனேன்.

அடுத்த வருஷம் அந்தப் பையன் ஊருக்கு வந்தான். அவனை அழைத்துக்கொண்டு அய்யாவே எக்ஸ்சேஞ்சுக்கு வந்தார். ஒல்லியாக, வெயில் படாத கப்பல் நிறத்தில் இருந்தான். போனில் பேசிய அக்கா இவர்தானா என்று என்னையும் தோழியையும் மாறி மாறிப் பார்த்தான். சூப்பர்வைசர் அவனுக்கு நாற்காலி போட்டார். நான் அவனிடம் ஆஸ்பத்திரியில் கண் விழித்தது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"பெரிய இங்கிலீசெல்லாம் எனக்கு வராதுக்கா," என்றான். "கப்பல்ல கேக்கிறது எல்லாம் சின்னச் சின்னதுதேன். மயக்கத்துல ஒரு அம்மா என் கன்னத்தைத் தட்டி, 'கம் ஆன், கம் ஆன்'னு சொல்லிக்கிட்டே இருந்தாக. வா வான்னு கூப்பிடுறாகன்னு நினைச்சேன். எங்க வரச் சொல்றாகன்னு தெரியல. கூப்பிடுறாகளே, போவோம்னு நினைச்சேன். அப்பிடியே வந்துட்டேன்."

'கம் ஆன்' என்பது வா என்று அழைப்பதல்ல, முயன்று பார், விடாதே என்று ஊக்குவது. அதை அவனிடம் சொல்ல வாய் திறந்தேன். சொல்லவில்லை. அவன் அதை வா என்று எடுத்துக்கொண்டுதானே வந்திருக்கிறான்? தோழி என் பக்கம் திரும்பவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. அய்யா மகனின் தோளில் கையை வைத்தபடியே இருந்தார். அவன் பிறகு கப்பலுக்குப் போகவில்லை. அபிராமத்தில் பம்பு செட் ரிப்பேர் கடை வைத்தான், கல்யாணம் செய்துகொண்டான், நன்றாக இருக்கிறான்.

காலம் மாறி எல்லோரும் தாங்களே நம்பர் சுழற்றிப் பேச ஆரம்பித்தார்கள். என்னை ராமேஸ்வரத்துக்கு மாற்றினார்கள். போர்டை விட்டுக் கவுண்டரில் உட்கார்ந்தேன். தோழி சலிப்பில்லாமல் ராமநாதபுரத்திலேயே இருந்தாள். கடல்மேல் ரோட்டுப் பாலம் வந்த பிறகு என்னைப் பார்க்க பஸ்ஸிலேயே வந்து போவாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒருநாள் அவள் வந்திருந்தபோது தனுஷ்கோடிக்குப் போனோம். ஜீப்பில் எங்களோடு ஒரு வெள்ளைக்காரத் தம்பதி. இடிந்த கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பக்கத்தில் சிப்பி மாலை விற்கிற ஒரு பெண் இருந்தார், எங்களைவிடக் கொஞ்சம் இளையவர். வெள்ளைக்காரப் பெண் ஊருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"புயல்ல கடல் எடுத்துக்கிருச்சு," என்றார் மாலை விற்கிறவர். "நான் அப்பச் சின்னப்பிள்ள. எங்கம்மா இடுப்புல தூக்கிக்கிட்டு ஓடுனாக."

நான் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்து நின்றேன். எடுத்தது என்றால் 'டுக்' போதும். ஆனால் அவர் சொன்னது எடுத்துக்கொண்டது. 'டுக் அவே' என்றால் கொண்டுபோனது மட்டும். 'டுக் இன்' என்றால் அடைக்கலம் கொடுத்ததாகிவிடும். 'டுக் ஓவர்' என்றால் அதிகாரத்தைப் பிடித்தது போலாகும். எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். தோழி மெல்ல, "பேக்னு சொல்லிப் பாரேன்," என்றாள்.

"தி ஸீ டுக் இட் பேக்," என்றேன்.

வெள்ளைக்காரப் பெண் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். அவர் கணவர் தொப்பியைக் கழற்றினார்.

"என்ன சொன்னீக?" என்று மாலை விற்கிறவர் என்னைக் கேட்டார்.

"தன்னோடதைக் கடல் திரும்ப எடுத்துக்கிருச்சுன்னு சொன்னேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரிதேன். அதோட மணல்தானே. நாங்கதேன் மறுபடி வந்து உக்காந்துக்கிட்டோம்."

உட்கார்ந்தோம் என்று சொல்லவில்லை. உட்கார்ந்துகொண்டோம் என்றார். தோழி என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஜீப் டிரைவர் ஏறச் சொல்லி ஹாரன் அடித்தார். இரண்டு பக்கமும் கடல் இரைந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றோம்.